பழைய கம்ப்யூட்டரும் பின்பக்கத்து முக்கோணமும்

எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் அக்கா முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் மினுக்கிக் காட்டிவிடலாம், பின்பக்கத்தில் ஏமாற்ற முடியாது என்பாள். ஒருமுறை பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணின் தோள்பையை விரலால் புரட்டி உள்பக்கத் தையலைப் பார்த்துவிட்டாள். அந்தப் பெண் முறைத்த முறைப்பில் எனக்கு மானமே போய்விட்டது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இவள் யாரென்றே தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நான் தையற்காரி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. ஒரே அறையைப் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டு தொழில் செய்கிறோம். கதவுக்கு இடப்பக்கம் என் வெட்டு மேஜையும் தையல் மெஷின்களும். வலப்பக்கம் அவளுடைய எம்பிராய்டரி மெஷினும் கம்ப்யூட்டரும். நடுவில் ஒரு ஸ்டூல், அதில் எப்போதும் யாராவது உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடச் சட்டையை நான் தைத்துக் கொடுத்தால், பாக்கெட்டில் வருகிற பள்ளிச் சின்னத்தை அவள் போடுவாள். மருத்துவமனை நர்ஸ்களின் கோட்டில் சின்னமும் பெயரும் போடுவதும், காவலாளிகளின் தொப்பியில் கம்பெனிச் சின்னம் போடுவதும் அவள்தான். யாராவது வேலையை விட்டுப் போய்விட்டால் அதே கோட்டு திரும்பி வரும். பழைய பெயரைப் பிரித்துவிட்டுப் புதுப் பெயர் போட வேண்டும். பிரிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பின்பக்கத்து நூலைப் பிளேடால் மெல்ல அறுத்துவிட்டு, முன்பக்கத்து நூலைப் பூப்போல உருவி எடுப்பாள். துணியில் ஊசி போன துளைகள் மட்டும் தெரியும். "ரெண்டு தடவை துவைச்சா ஓட்டை மூடிடும்" என்று சொல்லிக் கையில் கொடுப்பாள். எல்லாரிடமும் அதையே சொல்லுவாள்.

எம்பிராய்டரி மெஷின் தானாகத் தைக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊசி எங்கே தொடங்க வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும், எந்த இடத்தில் நிறம் மாற வேண்டும் என்று ஒவ்வொரு தையலையும் யாராவது கம்ப்யூட்டரில் வரைந்து வைத்தால்தான் மெஷின் தைக்கும். எங்கள் தொழிலில் அதற்குப் பஞ்சிங் என்று பெயர். ஒரு பள்ளிச் சின்னத்தைப் பஞ்ச் பண்ண அக்காவுக்கு நாள் கணக்கில் ஆகும். புத்தகத்தின் மேல் விளக்கு, விளக்கைச் சுற்றி இலை என்று இந்தப் பள்ளிக்காரர்கள் ஒரு சின்னத்துக்குள் ஊரையே அடைத்து வைத்திருப்பார்கள். அப்படிப் பஞ்ச் பண்ணிய டிசைன்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. அவள் தொழில் என்றால் அதுதான். மெஷின் வெறும் இரும்பு.

அந்த மெஷினை அவள் பழையதாகத்தான் வாங்கினாள். வாங்கும்போதே நூல் வெட்டுகிற பாகம் வேலை செய்யவில்லை. டிசைன் முடிந்ததும் நூல் வால் போலத் தொங்கும், இழுத்தால் முழுச் சின்னமும் பிரிந்து கையோடு வந்துவிடும். அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு டிசைனின் கடைசியிலும் ஊசியைப் பின்னுக்கு நடத்திக் கொண்டுவந்து, முன்பக்கம் தெரியாத இடமாகப் பார்த்து ஒரு குட்டி முக்கோணம் போட்டு முடிச்சு விழ வைப்பாள். அரிசியளவு முக்கோணம். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் மட்டும் தெரியும். அவள் பஞ்ச் பண்ணிய எல்லா டிசைனிலும் அது உண்டு.

கம்ப்யூட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருத்த பெட்டி. கீபோர்டில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோய்க் கட்டைகள் மொட்டையாக இருக்கும். காலையில் சுவிட்சைப் போட்டால் அது கண் விழிப்பதற்குள் நான் ஒரு காலர் தைத்து முடித்துவிடுவேன். அதற்கு இன்டர்நெட் கிடையாது. மெஷினுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தடித்த வயர், பின்னால் மென்பொருளுக்கான சாவி என்று கட்டைவிரல் அளவில் ஒரு பிளக். அந்தப் பிளக்கைக் கழற்றினால் மென்பொருள் திறக்காது. அக்கா அதை ஒருநாளும் கழற்றியதில்லை, தூசி தட்டும்போதுகூட அதைச் சுற்றித்தான் தட்டுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி. தெருமுனையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். கடை திறந்த அன்றைக்கு அக்கா அவனுக்கு ஒரு சட்டை கொடுத்தாள். நான்தான் தைத்தேன். பாக்கெட்டில் நீல நூலில் ஒரு கம்ப்யூட்டர், அதன் திரையில் சிரிக்கிற முகம். அது அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போய், அதே மாதிரி பல நிறத்தில் வாங்கிக்கொண்டான். தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டு எங்கள் கடைக்கு டீ குடிக்க வருவான். அந்த ஸ்டூல் பாதி நேரம் அவனுடையதுதான். பேச்சில் சக்கரை. எனக்கும் அவனைப் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

போன வருடம் பள்ளி விடுமுறைக்கு முன்னால் பெரிய கடைக்காரர் எங்கள் அறைக்கு வந்தார். மெயின் ரோட்டில் கண்ணாடி போட்ட யூனிஃபார்ம் கடை அவருடையது. ஒரே நேரத்தில் வரிசையாகப் பல சட்டைக்குச் சின்னம் தைக்கிற புது மெஷின் வாங்கியிருந்தார். மெஷின் இருந்து என்ன செய்வது? பள்ளிக்கூடங்கள் முந்தின வருடம் இருந்த மாதிரியே சின்னம் வேண்டும் என்று கேட்கும், இலையில் ஒரு நரம்பு மாறினாலும் திருப்பி அனுப்பிவிடும். அதனால் அக்காவின் டிசைன்களைக் கேட்டு வந்திருந்தார்.

"நீங்க கேக்குறதைக் கொடுத்துடறேம்மா. டிசைனை மட்டும் ஒரு பென் டிரைவ்ல போட்டுக் கொடுங்க, போதும்."

"டிசைனைக் கொடுத்துட்டா அப்புறம் நான் எதுக்குங்க?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற சிஸ்டத்தை மாற்றுகிற பேச்சு வந்தது. தம்பிதான் ஆரம்பித்தான்.

"அக்கா, இதுல இருக்கிற சிஸ்டம் செத்துப்போன சிஸ்டம். போட்ட கம்பெனியே கைவிட்டுடுச்சு. இன்னும் இதை வச்சுக்கிட்டு என்ன பண்றே?"

"ஓடுதேடா."

"ஓடும். ஒருநாள் நட்டநடு வேலையில நிக்கும். வைரஸ் வந்தா உன் டிசைன் மொத்தமும் போயிடும்."

"இதுக்குத்தான் நெட்டே இல்லையே, வைரஸ் எங்கேருந்து வரும்?"

"பென் டிரைவ் போடறேல்ல? அதுல வரும்."

நான் என் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தேன். "ஓடுற மெஷினை எதுக்குப்பா நோண்டணும்?"

"நீங்க பெடல் மிதிக்கிற ஆளு, சும்மா இருங்க" என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவன் சொன்னது எல்லாம் பொய் என்று சொல்ல முடியாது. வாடிக்கையாளர்கள் போனில் எடுத்து அனுப்புகிற படம் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் திறக்காது, அக்கா ஒவ்வொரு தடவையும் அவன் கடைக்கு ஓடி மாற்றி எடுத்து வர வேண்டும். புதுசில் நூல் நிறத்தோடு சின்னத்தைத் திரையிலேயே காட்டலாம், ஆள் பார்த்துச் சரி என்ற பிறகு தைத்தால் போதும் என்று அவன் ஆசை காட்டினான். அக்காவுக்கு அந்த ஆசை ரொம்ப நாளாக உண்டு. நிறம் பிடிக்கவில்லை என்று சொல்லித் தைத்த தொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர்.

கடைசியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "என் டிசைன் எல்லாம் பத்திரமா இருக்குமாடா?"

"நான் இருக்கும்போது உனக்கு என்னக்கா பயம்?"

பெட்டியைத் தன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து வைத்து, வயரெல்லாம் மாட்டி, சுவிட்சைப் போட்டான். சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. நான் ஊசியில் நூல் கோப்பதற்குள் கண் விழித்துவிட்டது. திரையில் பச்சைப் பசேலென்று ஒரு மலை. அக்கா குழந்தை மாதிரி எழுத்துகளைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தாள். பிறகு மென்பொருளைத் திறந்தாள். திறக்கவில்லை. பின்னால் இருக்கிற சாவியை இந்தப் புது சிஸ்டத்துக்கு அடையாளம் தெரியவில்லையாம். சரி, டிசைன்களாவது எங்கே என்று தேடினாள். டிசைன் இருந்த இடம் காலியாக இருந்தது.

தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "பேக்கப் எடுத்த டிஸ்க்கு அடி வாங்கிடுச்சுக்கா. எப்படின்னே தெரியலை. எல்லாம் போச்சு. உன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவன் கண் கலங்கியிருந்தது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முகம் வெளுத்துப்போய் நின்றவள், கொஞ்ச நேரத்தில் அவன் தோளில் கை வைத்து, "விடுடா, நீ வேணும்னா பண்ணினே? திரும்பப் பஞ்ச் பண்ணிக்கலாம். நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். இப்போது நினைத்தாலும் என் வயிறு எரிகிறது. அவள் அவனுக்கு ஆறுதல் சொன்னாள். அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டான்.

மென்பொருளே திறக்காதபோது எதில் பஞ்ச் பண்ணுவது? பள்ளி திறக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வருடத்தில் அந்த ஒரு ஆர்டர்தான் அவளுக்குச் சோறு. அதை வைத்துத்தான் மீதி மாதங்கள் ஓடும். பள்ளி அலுவலகத்துக்கு அவளோடு நானும் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் நல்லவிதமாகத்தான் பேசினார். "எங்களால காத்திருக்க முடியாதும்மா. பெரிய கடைக்காரங்க சாம்பிள் கொண்டு வந்து காட்டிட்டாங்க. அப்படியே அச்சு அசலா இருக்கு" என்றார். அச்சு அசலாக எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதே மூக்கு வேர்த்திருக்க வேண்டும். அக்கா, "அவங்ககிட்ட புது மெஷின் இருக்கு, நல்லா செய்வாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

தம்பி அதற்குப் பிறகு பழைய சிஸ்டத்தைத் திரும்பப் போடவே முடியாது என்று சாதித்தான். எனக்குப் பொறுக்கவில்லை. சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு தாடிக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் அதிகம் பேசாத மனிதர். பெட்டியைத் திறந்து பார்த்தார். மென்பொருளோடு வந்த சிடியை அக்கா துணியில் சுற்றி நூல் பெட்டிக்குள் வைத்திருந்தாள். அவர் பழைய சிஸ்டத்தையே போட்டு, அந்த சிடியையும் போட்டு, சாயங்காலத்துக்குள் மெஷினை ஓட வைத்துவிட்டார். டிசைன் மட்டும் கிடைக்கவில்லை.

"அப்ப புதுசுக்கு மாத்துறதே தப்புங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"தப்புன்னு யாரு சொன்னா? வீட்டுல வச்சு பேங்க் வேலை பார்க்கிற கம்ப்யூட்டர்னா கட்டாயம் மாத்தணும். இது உங்க மெஷினுக்கு மட்டும் வேலை செய்ற பெட்டி. மெஷின் இருக்கிற வரைக்கும் இது இப்படியே இருந்துட்டுப் போகட்டும். அப்படியே மாத்தினாலும் இருக்கிறதுக்கு மேலயே புதுசைப் போட்டா ஃபைலுங்க பாட்டுக்கு அங்கேயேதான் இருக்கும். இதுல முழுசா துடைச்சிட்டுப் போட்டிருக்காங்க."

"தெரியாம பண்ணியிருப்பான்" என்றாள் அக்கா.

அவர் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்தார். "இதைத் தெரியாம பண்ண முடியாதும்மா. நிஜமாவா, நிஜமாவான்னு அது திரும்பத் திரும்பக் கேக்கும்."

அவர் போன பிறகு நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பேச விடவில்லை. "பாவம்டி, பயத்துல எதையாவது அழுத்தியிருப்பான்" என்று சொல்லிவிட்டு, மருத்துவமனைச் சின்னத்தை முதலிலிருந்து பஞ்ச் பண்ண உட்கார்ந்தாள்.

பள்ளி திறந்தது. இரண்டு வாரம் இருக்கும். ஒரு அம்மா தன் பெண்ணின் புதுச் சட்டையைக் கொண்டுவந்தாள். பெரிய கடையில் வாங்கியது, கை நீளமாக இருக்கிறது, குறைத்துக் கொடு என்றாள். சட்டையை மேஜையில் விரித்தேன். அக்கா தன் இடத்திலிருந்து எழுந்து வந்தாள். பாக்கெட்டுக்குள் விரலை விட்டுச் சின்னத்தைத் திருப்பினாள். பழக்கம்தான், வேறொன்றும் இல்லை.

பிறகு அவள் விரல் ஒரு இடத்தில் நின்றது. நகத்தால் அந்த இடத்தை மெல்லத் தடவினாள். நானும் குனிந்து பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விளக்கின் அடியில், அரிசியளவில், முக்கோணம்.

"இது எதுக்குடி இங்கே இருக்கு?" என்று கேட்டாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "அவர் மெஷின் தானா நூலை வெட்டும். அதுக்கு இது தேவையே இல்லையே."

பதில் இருவருக்கும் தெரியும். நூல் வெட்டாத மெஷினுக்காக அவள் போட்ட முடிச்சை, நூல் வெட்டுகிற மெஷின் ஒன்றும் தெரியாமல் சட்டை சட்டையாகப் போட்டுத் தள்ளியிருக்கிறது. அந்த டிசைன் இருந்தது ஒரே ஒரு பெட்டியில். அந்தப் பெட்டி இந்த அறையை விட்டு வெளியே போனது ஒரே ஒரு தடவை. ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி மூக்கை உறிஞ்சினானே, அவன் அடிமடியிலேயே கை வைத்திருக்கிறான். எனக்கு அப்போதே தெருமுனைக்குப் போய் அவன் கடை முன்னால் நின்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் வருவான்" என்றாள்.

மறுநாள் வந்தான். சிரிக்கிற கம்ப்யூட்டர் போட்ட வெள்ளைச் சட்டை. ஸ்டூலில் உட்கார்ந்து டீ கேட்டான். அக்கா டீயையும் கொடுத்து, பள்ளிச் சட்டையையும் எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"நல்லாத்தான் தைச்சிருக்காங்க" என்றான்.

"திருப்பிப் பாரு."

திருப்பினான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவன், அக்கா அந்த முடிச்சைப் போடுவதை ஒருநாளும் கவனித்ததில்லை. அக்கா அந்த முக்கோணத்தைத் தொட்டுக் காட்டி, அது என்ன, ஏன் என்று பொறுமையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் வெளிறிக்கொண்டே போனது. டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"அக்கா... அவர் கடையில இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாத்தையும் நான்தான் இனிமே பார்த்துக்கணும்னு சொன்னாருக்கா. கிளைக் கடை எல்லாம் சேர்த்து. எனக்கும் குடும்பம் இருக்குல்ல? நீயும் இந்தப் பழைய மெஷினோட எத்தனை நாள் மாரடிப்பே? உனக்கும் அங்கேயே வேலை போட்டுத் தரச் சொல்லியிருக்கேன். ஏசி ரூம். உட்கார்ந்த இடத்துல வேலை."

எனக்கு வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. அக்கா என்னைத் தடுக்கவும் இல்லை, நான் பேசியதைக் கேட்கவும் இல்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காப்பி எடுத்துக் கொடுத்தே. அது சரி, விடு. என்கிட்ட இருந்ததை ஏண்டா துடைச்சே?"

அவன் குனிந்துகொண்டான். "உன்கிட்டயும் இருந்தா ஸ்கூல்காரங்க உன்கிட்டதானேக்கா வருவாங்க. அப்புறம் அவருக்கு நான் எதுக்கு?"

"துடைக்கும்போது அந்தப் பெட்டி உன்னைக் கேட்டுச்சாடா, நிஜமாவான்னு?"

"கேட்டுச்சு."

"எத்தனை தடவை கேட்டுச்சு?"

அவன் மடியிலிருந்த பள்ளிச் சட்டையை மடித்து மேஜை மேல் வைத்தான்.

"சட்டையைக் கழட்டு" என்றாள் அக்கா.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பொத்தான்களைக் கழற்றிச் சட்டையைக் கொடுத்துவிட்டுப் பனியனோடு உட்கார்ந்திருந்தான். அக்கா விளக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பாக்கெட்டைத் திருப்பி, பிளேடை எடுத்தாள். முதலில் அந்த முக்கோணத்தை அறுத்தாள். அவனுடைய சட்டையிலும் அது இருந்தது. பிறகு வரிசையாகப் பின்பக்கத்து நூலை அறுத்து, துணியில் ஒரு கீறல் விழாமல், சிரிக்கிற முகத்தை நூல் நூலாக உருவி எடுத்தாள். நீல நூல் அவள் மடியில் விழுந்துகொண்டே இருந்தது. அவள் அழுதாள். கண்ணைத் துடைக்கக் கையை நிறுத்தவில்லை. அவன் "அக்கா" என்றான், பிறகு இன்னொரு தடவை "அக்கா" என்றான். வேலை முடியும்வரை அவள் தலை நிமிரவே இல்லை.

சட்டையை உதறி, பாக்கெட்டை நேராக்கி, மடித்து அவன் கையில் கொடுத்தாள். அவன் போட்டுக்கொண்டான். பாக்கெட்டில் கம்ப்யூட்டர் இருந்த இடம் முழுக்க ஊசித் துளைகள். அதை விரலால் தடவிக்கொண்டு வாசலில் நின்றான். பெயர் பிரித்து வாங்கிப் போகிற எல்லாரிடமும் அவள் சொல்லுகிற, 'ரெண்டு தடவை துவைச்சா' என்கிற அந்த வார்த்தைக்காகத்தான் நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மருத்துவமனைச் சின்னத்தை விட்ட இடத்திலிருந்து பஞ்ச் பண்ண ஆரம்பித்தாள். அவனுக்கு அதைச் சொல்லவில்லை.